பெரிய கூடத்தின் எதிரொலி

மூன்றாவது கம்பி அதிர்ந்தது. சத்தம் வரவில்லை.

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் அணைந்திருக்கும்போது மின்சாரக் கிடார் முணுமுணுக்க மட்டும்தான் செய்யும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த முணுமுணுப்புகூட இல்லை. கம்பி கண்ணெதிரே துடித்து, மங்கலாகி, அடங்கியது. காதுக்கு ஒன்றுமே எட்டவில்லை. மற்ற கம்பிகளைத் தட்டினான். அவை வழக்கம்போல் கிணுகிணுத்தன. கம்பி பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பாட்டு முடியாமல் தவிக்கிறவனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்!

ஒரு நல்ல ரிவர்ப் பெடலுக்காக மாதக்கணக்கில் நாயாய் அலைந்திருந்தான். கிடாரின் நாதத்தை ஏதோ பெரிய கூடத்தில் வாசித்ததுபோல நீட்டி இழைய விடும் சின்னப் பெட்டி அது. காலால் அழுத்தினால் வேலை செய்யும். வாங்கிப் பார்த்ததில் ஒன்று குளியலறையில் பாடியதுபோல் இருந்தது. இன்னொன்று தகரத்தைச் சுரண்டியது. வேறொன்று வரிகளையெல்லாம் தண்ணீருக்குள் அமுக்கியது. அந்த நீளும் ஒலியைக் கேட்டால்தான் அவனுக்கு அடுத்த வரி பிறக்கும். பிறக்காத நாட்களில் நகத்தைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். மனைவிக்கு அந்த நடை அத்துப்படி.

அன்று மத்தியானம்தான் பழைய வாத்தியங்களைப் பழுது பார்க்கும் கடைக்காரர் இந்தப் பெடலை எடுத்து வைத்தார். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கறுப்புப் பெட்டி.

"யார் வச்சிருந்தது?" என்று கேட்டான்.

"ஒரு பாட்டுக்காரர். இப்போ பாடுறதில்லைன்னு கூட வந்தவர் சொன்னார். ஏன்னு பாட்டுக்காரர்கிட்டயே கேட்டேன். வாயைத் திறந்தார், மூடிட்டார். இதை மேசைமேல வச்சுட்டுப் போயிட்டார்."

வீட்டுக்கு வந்ததும் தன் வழக்கப்படி சோதித்தான். ஒரே ஒரு கம்பியை மீட்டிவிட்டு, ஒலி முழுதாகச் சாகும்வரை மூச்சை அடக்கிக் கேட்பது. மூன்றாவது கம்பி. அது சாகவே இல்லை. போய்க்கொண்டே இருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சாயங்காலம் மனைவி ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குக் கிளம்பினாள்.

"ஏங்க, பாட்டுல மூழ்கிப் பட்டுவை மறந்துடாதீங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"அவதான் என்னைப் பார்த்துக்குவா. நீ போ."

பட்டு அவர்களுடைய ஐந்து வயது மகள். வாய் ஓயாதவள். அவன் தலை வலிக்கிறது என்றால் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டுவாள். அவளைத் தவிர இந்த உலகத்தில் அவனுக்கு வாய்த்தது எதுவும் உருப்படியாக அமைந்ததில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவள் போனபின், ஊமையாகிப்போன அந்தக் கம்பியைச் சோதிக்க ஆம்ப்பைப் போட்டு, பெடலை அழுத்தினான். மூன்றாவது கம்பி இப்போது ஒலித்தது; அழகாக, ஆழமாக, எங்கோ தூரத்திலிருந்து. ஆக, கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. மனம் லேசானது. கிடாரின் மரத்தை விரல் முட்டியால் தட்டினான். டொக். அந்த ஓசை சுவரில்லாத இடத்தில் உருண்டு போயிற்று. மறுபடி தட்டினான். முட்டி வலித்தது, மரத்தில் ஓசையில்லை. ஆம்ப்பில் மட்டும் கேட்டது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் வராத வரி நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"அப்பா, நான்! நான்!" என்று ஓடி வந்தாள் பட்டு. புதுப் பெடல் எது வந்தாலும் அவள்தான் திறப்பு விழா. கிடாரின் கம்பிகளுக்கடியில் இருந்து அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் பழைய பிக்கப், வாயை ஒட்டி வைத்துப் பேசினால் பேச்சையும் பிடித்துக்கொள்ளும். அவள் குனிந்து கம்பிகளில் உதடு பட, "அப்பா..." என்றாள்.

அப்பா... அப்பா... அப்பா...

என்ன கூடம் அது! கல்தரை, உயர்ந்த கூரை, ஈரக் காற்று எல்லாம் அந்த ஒலியிலேயே தெரிந்தன. பழைய தண்ணீரின் நாற்றம்கூட மூக்கில் ஏறியதுபோல் இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். வரி வந்தது. அடுத்ததும் வந்தது. தாளை இழுத்து வைத்துக் கிறுக்கினான். எதிரொலி ஓயாததுகூட அவனுக்குத் துணையாகத்தான் பட்டது. அப்பா... அப்பா... கொஞ்சம் அழுகை கலந்திருந்தது.

அழுகை?

பட்டு அழவில்லையே. சிரித்துக்கொண்டல்லவா சொன்னாள்.

"பட்டு, இன்னொரு தடவை சொல்லும்மா."

 சட்டையை யாரோ இழுத்தார்கள். திரும்பினான்.

அவள் பக்கத்திலேயே நின்றாள். முகம் சிவந்து, கன்னமெல்லாம் நனைந்து, வாய் காது வரைக்கும் திறந்திருந்தது. கத்துகிறாள். தொண்டை நரம்பு புடைத்திருந்தது. சத்தம் இல்லை.

ஆம்ப்பிலிருந்து, வெகு தூரத்திலிருந்து வந்தது:

"அப்பா!"

 காலால் பெடலை அணைத்தான். ஒரேயடியாக நிசப்தம். குழந்தையின் வாய் மட்டும் அசைந்தது. பதறிப்போய் மறுபடி அழுத்தினான். குரல் வந்தது. முன்னைவிடத் தள்ளி.

இனி அணைக்கக் கூடாது.

அவளை மடியில் அள்ளிக்கொண்டான். உடம்பு கொதித்தது. பெட்டிக்குள் சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. வெறுங்கால். கல்தரையில். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு நடை. கனமானது. அவசரமில்லாதது.

அவனுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. எந்த அப்பனுக்குத் தோன்றும்? கம்பிகளில் வாயை வைத்துக் கூப்பிட்டான்.

"பட்டு! இங்க வா! அப்பா இங்க இருக்கேன்!"

சொல்லி முடித்தபோது தொண்டை காலியாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டான். உதடு அசைந்தது. மூச்சு வந்தது. அவ்வளவுதான்.

அவன் குரல் இப்போது அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூடத்தின் ஒரு மூலையில். அவள் குரல் வேறு மூலையில். ஒன்றை ஒன்று தேடி, மேலும் மேலும் விலகி.

நடை நின்றது. அவள் குரலுக்கு அருகில்.

மடியில் இருந்த பட்டு வாயை மூடிக்கொண்டாள். அவன் மார்பில் முகத்தைப் புதைத்து, அசையாமல் கிடந்தாள்.

ஆம்ப்பில் அழுகை ஓய்ந்தது. பிறகு மகளின் குரல், தெளிவாக, மரியாதையாகக் கேட்டது:

"நீங்க யாரு?"