பெரியப்பாவின் பங்கு

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், துரியாவின் வீட்டு வட்ட மேசைக்குப் பெரிய மண்தட்டு வந்துவிடும். ஆவியில் வெந்த கோதுமைக் குருணையான குஸ்குஸ் குன்றுபோல் குவிந்திருக்க, அதன்மேல் முட்டைக்கோசும் பூசணியும் நூல்கோலும் இறைச்சித் துண்டுகளும் சாய்ந்திருக்கும். தட்டு ஒன்றுதான். ஆனால், அவரவர் தமக்கு நேரே உள்ள பக்கத்திலிருந்தே உண்ண வேண்டும். அடுத்தவர் பக்கம் கரண்டி நீண்டால் அம்மாவின் புருவம் நெரியும்.

பெரியப்பா ஹம்மாதின் பக்கத்தில் மட்டும் இப்போது ஆளில்லை. சர்க்கரை நோய் முதலில் அவருடைய காலைக் கொண்டுபோயிற்று. சென்ற குளிர்காலத்தில் அவரையே கொண்டுபோயிற்று. ஆயினும், அம்மா அந்தப் பக்கத்தையும் வழக்கம்போலவே குவித்தார். குறைக்க அவருக்குக் கை வரவில்லை. அப்பாவோ தம் பக்கத்தை முடித்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் அண்ணனின் பக்கத்தையும் உண்டு முடிப்பார். அதற்கு மட்டும் அம்மாவின் புருவம் நெரிந்ததில்லை.

இப்போது அப்பாவுக்கும் சர்க்கரை ஏறிவிட்டது.

"உங்க கைப்பிடி அளவு குஸ்குஸ், காய் நிறைய. அதுக்கு மேல வேண்டாம்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளியன்று அம்மா அளந்தெடுத்து, ஒரு சிறு தட்டில் தனியாக வைத்தார்.

"நான் என்ன, இந்த வீட்டுக்கு வேத்தாளா, ரஹ்மா?" என்றார் அப்பா.

"உங்க நல்லதுக்குத்தாங்க."

"அண்ணன் போயிட்டாரு. இப்ப என்னையும் தள்ளி வெச்சாச்சு."

அவர் எழுந்து சன்னலருகே போய் அமர்ந்தார். தட்டு ஆறிப்போயிற்று.

"மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்தோட இருக்கக் கூடாதுங்க!" அம்மாவின் குரல் உடைந்தது.

"அப்பாவோட பூசணிய நான் எடுத்துக்கவா?" என்றான் ஐந்து வயது இலியாஸ்.

"சும்மா இருடா, பானை வயிறா!" என்று தம்பியை அதட்டினாள் துரியா.

பிறகு, தட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். அவருடைய விரல்கள் நடுங்கின. பெரியப்பாவின் விரல்களும் இப்படித்தான் நடுங்கின.

"அப்பா, பசிச்சுதான் பெரியப்பா பங்கையும் சாப்பிட்டீங்களா?"

"பசியா? என் பங்குலயே வயிறு நெறஞ்சிடும், கண்ணு."

"அப்புறம் ஏன்?"

அப்பா மேசையில் அண்ணனின் பக்கத்தைப் பார்த்தார்.

"அது அப்படியே கெடக்கறதப் பாக்க முடியலம்மா. தொடாம எடுத்துட்டுப் போனா, அவர மறந்துட்ட மாதிரி இருக்கு."

அவள் கெஞ்சிக் கெஞ்சி ஊட்ட, அவர் நாலு வாய் உண்டார்.

அடுத்த வெள்ளியன்று, தட்டு மேசைக்கு வந்தவுடன் துரியா ஒரு குழிவான கிண்ணத்தை நீட்டினாள்.

"அம்மா, பெரியப்பா பக்கத்த இதுல எடுத்து வைம்மா."

"எதுக்குடி?"

"அவர் பேரச் சொல்லி யாராவது சாப்பிடட்டும்."

அம்மாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. பிறகு கிண்ணம் நிறைந்தது. இருந்தவற்றுள் பெரிய இறைச்சித் துண்டு அதன்மேல் அமர்ந்தது.

தெருமுனையில் வண்டிகளுக்குக் காவலிருக்கும் அலால், மரப்பெட்டியின் மேல் அமர்ந்திருந்தார். துரியா கிண்ணத்தை அவரிடம் கொண்டுபோனாள்.

"அலால் மாமா, இது எங்க ஹம்மாது பெரியப்பாவோட பங்கு."

"யாரு, கால் போன பிறகும் சண்டைன்னா முன்னால வந்து நிப்பானே, அந்த ஹம்மாதா?"

அவர் சிரித்தார், கண்கள் சிரிக்கவில்லை. இரு உள்ளங்கைகளையும் விரித்து, இறந்தவருக்காக வேண்டிக்கொண்டார். அதன் பிறகே உண்ணத் தொடங்கினார். அப்பா சன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரியா வெறுங்கிண்ணத்துடன் திரும்பியபோது, அவர் மேசையருகே நின்றார்.

"மிச்சம் வெச்சாரா?"

"ஒரு பருக்கைகூட இல்லப்பா."

"எல்லாரும் கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி, அப்பா அமர்ந்தார். பெரியப்பாவின் இடைவெளி மூடிக்கொண்டது. துரியா அப்பாவின் பக்கத்தில் ஒரு கைப்பிடி குஸ்குஸை மட்டும் விட்டு, மீதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சுற்றிலும் காய்களை வேலிபோல் அடுக்கினாள்.

அப்பா மெதுவாக உண்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. வேலியின் கடைசி நூல்கோலும் தீர்ந்தபின், கரண்டியைக் கீழே வைத்தார்.

"போதும்."

'இன்னும் கொஞ்சம்' என்று சொல்லப் பழகிய அம்மாவின் வாய் திறந்தது. அன்று ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது.