முப்பத்தொரு மெமோவும் ஆறாம் நம்பர் டிராமும்

எங்கள் வீட்டில் அண்ணனை எல்லோரும் ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பண்ணுவான். எனக்கு ‘வாலு’ என்று பெயர். காரணத்தை நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வக்கீலுக்கு ரயில் ஓட்டும் கேம் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டர் திரையில் எஞ்சினின் முன்கண்ணாடி தெரியும். கீபோர்டைத் தட்டினால் நிஜ ரயில் மாதிரியே கிளம்பும், நிற்கும். ஒரு நாள் அந்தக் கேமைச் செய்கிறவர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள்.

‘அடுத்து எந்த வண்டியைச் சேர்க்கலாம்? நீங்களே சொல்லுங்கள். ஒரே ஒரு வண்டியைத்தான் தேர்ந்தெடுப்போம். ஞாயிறு மாலை கடைசி நேரம்.’

“புல்லட் ரயில்தான்!” என்றான் வக்கீல்.

“ஆறாம் நம்பர் டிராம்,” என்றேன் நான்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அந்த ஆமை வண்டியா? அதை சைக்கிளே முந்திட்டுப் போகும்!”

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆமை வண்டியைப் பதினெட்டு வருஷம் ஓட்டியது எங்கள் அப்பா.

ஆறாம் நம்பர் மேலே வெள்ளை, கீழே பச்சை. உள்ளே மரப் பெஞ்சுகள். எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் முன் பெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். மார்க்கெட் வளைவில் வண்டி கிரீச்சிட்டுத் திரும்பும். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரே பக்கமாகச் சாய்வோம். பக்கத்தில் இருப்பவர் பையில் இருந்து ஒரு தக்காளியாவது உருண்டு ஓடும். ஆளுக்கு ஆள் காலால் தடுத்துப் பிடித்துக் கொடுப்பார்கள். அதெல்லாம் ஒரு காலம்!

எனக்கு ஏழு வயதானபோது தண்டவாளத்தின் மேல் தார் போட்டுவிட்டார்கள். டிராம்களை லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவைப் போக்குவரத்து ஆபீசில், தொலைந்துபோன பொருள்களை வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள்.

“இன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு?” என்று கேட்பேன்.

“பதினொரு குடை, ஒரு ஒத்தைச் செருப்பு,” என்பார். அவ்வளவுதான். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்குள் நாலு கதை சொல்லுவார். எனக்கு அந்த அப்பா வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது. ஒரே ஒரு தடவையாவது, கேமிலாவது, அவர் ஆறாம் நம்பரை ஓட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

சனிக்கிழமை காலையில் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ‘அதிகபட்ச வேகம்?’ என்று கேட்டிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ‘நூற்றிருபது கிலோமீட்டர்’ என்று போட்டேன்.

பின்னால் இருந்து அப்பாவின் குரல் கேட்டது. “வாலு, இது எந்த ஊரு டிராம்? நூத்தியிருபதுல போனா சக்கரம் ஒரு பக்கம் கிடக்கும், நான் ஒரு பக்கம் கிடப்பேன்!”

“அப்ப எவ்வளவுப்பா?”

“முப்பத்தஞ்சு. இறக்கத்துல காத்து பின்னாடி இருந்து தள்ளினா முப்பத்தாறு.”

அழித்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதினேன். கடைசிக் கேள்விதான் கழுத்தைப் பிடித்தது. ‘வேறு எந்த வண்டியிலும் இல்லாத சிறப்பு என்ன?’ திருதிருவென்று முழித்தேன்.

“அப்பா, இந்த ரயிலை ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன். டிராமுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

“எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, முதல் ஸ்டேஷனில் வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினார். “அட!” என்றான் வக்கீல். அவன் வாயில் இருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

கிளம்பும் நேரம் வந்தது. அப்போது பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் ஒரு பொம்மை மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அப்பா கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

திரையில் சிவப்பு எழுத்து மின்னியது. ‘தாமதம்! இருபது புள்ளிகள் குறைக்கப்பட்டன.’ கதவு தானாகவே மூடிக்கொண்டது. பெட்டிக்காரர் வெளியே நின்றுவிட்டார்.

“இங்கயும் அதேதானா?” என்று அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷப்படுத்தலாம் என்று கூப்பிட்டால் இப்படியா ஆக வேண்டும்?

“எதும்மா அதே?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா ஸ்டூலில் ஏறி, பீரோவின் மேலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துத் தூசி தட்டினார். “டிராம் லேட்டாப் போனா ஆபீஸ்ல மெமோ கொடுப்பாங்க. உங்கப்பாவுக்குக் கொடுத்த மாதிரி வேற யாருக்கும் கொடுத்ததில்ல.”

உள்ளே முப்பத்தொரு காகிதங்கள் இருந்தன. முதல் காகிதத்தைப் படித்தேன். ‘இடம்: தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். நேரம்: காலை எட்டுப் பத்து. தாமதம்: நாற்பது விநாடி. ஓட்டுநர் கூறிய காரணம்: ஒருவர் ஓடி வந்தார்.’

வக்கீல் ஃபைலைப் பிடுங்கிக்கொண்டான். அவனுக்கு இந்த மாதிரி வேலை என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. “ஒரு நிமிஷம்! இதுவும் தண்ணீர்த் தொட்டி, எட்டுப் பத்து. இதுவும் அதே. இதுவும்! முப்பத்தொண்ணுல இருபத்திரண்டு ஒரே இடம், ஒரே நேரம். யாரோ ஒரே ஆளுதான். தினமும் லேட்டா வர்ற அந்தச் சோம்பேறி யாரு?”

“யாருடா சோம்பேறி?” அம்மா படக்கென்று திரும்பினார். “காலையில தலை பின்ன வேண்டாமா? டிபன் கட்ட வேண்டாமா?”

நானும் வக்கீலும் ஒரே நேரத்தில் கத்தினோம். “அம்மா! நீங்களா?”

பால்கனியில் இருந்து அப்பாவின் சிரிப்புக் கேட்டது. எத்தனை நாள் ஆயிற்று, அந்தச் சத்தத்தைக் கேட்டு! உள்ளே வந்து கதவில் சாய்ந்துகொண்டார். “கல்யாணத்துக்கு முன்னாடி இவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைப்பா. கடிகாரம் மட்டும் இவ கண்ணுக்குத் தெரியவே தெரியாது.”

“நீங்க ஏன் நின்னீங்களாம்?” என்றார் அம்மா.

“ஓடி வர்றவங்களைப் பார்த்துட்டு எப்படிக் கிளம்புறது? மனசு வருமா?”

“இருபத்திரண்டு தடவையுமா?” வக்கீல் விடவில்லை.

“முதல் அஞ்சாறு தடவை அதுக்காகத்தான் நின்னேன்,” என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சிரித்தார் என்பதைக் காதோரம் உப்பிய கன்னம் காட்டிக்கொடுத்தது.

“மத்த ஒன்பது பேரு?” என்று கேட்டேன்.

அப்பா ஃபைலை வாங்கிப் புரட்டினார். “இது ஒரு பொண்ணு. அன்னைக்குக் கடைசிப் பரீட்சை. இவரு காலில கட்டுப் போட்டிருந்தாரு, ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டிட்டே வந்தாரு. இது ஒரு அம்மா, கைக்குழந்தையோட, மழையில...” ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கதை இருந்தது. சமையலறையில் குக்கர் கத்துவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது.

“அப்பா, இந்த மெமோவை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?”

“ஐயையோ, வேண்டாம்! அது என் தப்புப் பட்டியல். பார்க்குறவங்க என்ன நினைப்பாங்க?”

“தப்புப் பட்டியலா? முப்பத்தொரு தடவை யாரோ ஒருத்தருக்கு டிராம் கிடைச்சிருக்கு. அதுதானேப்பா இதுல எழுதியிருக்கு?”

அப்பா ஃபைலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “சரி, அனுப்பு. என் பேரை மட்டும் மறைச்சு எடு,” என்றார்.

நான் எழுதினேன்: ‘எங்கள் டிராம் மெதுவாகத்தான் போகும். ஆனால் யாராவது ஓடி வந்தால் அவர்களுக்காக நிற்கும். தயவுசெய்து அதற்குப் புள்ளி குறைக்காதீர்கள். ஆதாரம் இத்துடன் இருக்கிறது.’

வக்கீல் அதைப் படித்துவிட்டுத் தன் புல்லட் ரயில் விண்ணப்பத்தை அழித்தான். “சாட்சி பலமா இருக்கு. எதிர்க்கட்சி வாபஸ்,” என்றான். அண்ணன் என்றால் அப்படித்தான், கடைசி நேரத்தில் நல்லவனாகிவிடுவான்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் கேமில் வண்டிகளை உருவாக்கும் அக்கா ஒருவர் எழுதியிருந்தார். ‘உங்கள் டிராமைத்தான் செய்யப் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம். ஓடி வருகிறவருக்காக ஓட்டுநர் எத்தனை விநாடி காத்திருப்பார்? கம்ப்யூட்டருக்கு ஒரு எண் வேண்டும்.’

வக்கீல் உடனே மெமோக்களைக் கூட்டி வகுத்தான். “சராசரி நாற்பத்து மூணு விநாடி.”

“நம்பர் எல்லாம் எனக்குத் தெரியாது,” என்றார் அப்பா. “அவங்க ஏறுற வரைக்கும்னு எழுது.”

அப்படியே எழுதினேன். டிராம் போன தெருக்களையும், பாதி பின்னிய தலையோடு அம்மா ஓடி வந்த கதையையும் சேர்த்து அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆறாம் நம்பர் டிராம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதே வெள்ளை, அதே பச்சை. அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டார். “டிராம் டிரைவர் எங்கயாவது உட்கார்ந்து ஓட்டுவானா? நின்னுக்கிட்டுதான்!” வக்கீல் ஓடிப்போய் நாலு தடிமனான அகராதிகளைக் கொண்டுவந்து திரைக்கு அடியில் அடுக்கினான்.

டிராம் கிளம்பியது. தார் போட்டு மூடிய தெருவெல்லாம் தண்டவாளத்தோடு திரும்பி வந்தது. நாங்கள் மூன்று பேரும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாவதாக வந்த தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள். கையில் பை, பாதி பின்னிய தலை. இந்தப் பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, நில்லுங்க, யாரோ வர்றாங்க!” என்றார் அம்மா.

“பார்த்துட்டேன்,” என்றார் அப்பா.

பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன. “அப்பா, அடிக்கிறாங்கப்பா!” என்று வக்கீல் பதறினான்.

“அடிக்கட்டும்டா.”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையின் மூலையையே பார்த்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. அவள் கம்பியைப் பிடித்துப் படியில் ஏறினாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீபோர்டைத் தட்டித் திரையில் இருந்த கைப்பிடியை முன்னால் தள்ளினார். திரும்பிப் பார்க்காமலே, பழைய குரலில் எங்களிடம் சொன்னார்.

“உள்ள தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க. எல்லாருக்கும் இடம் இருக்கு!”

நாங்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டோம்.