வெந்நீர்த் தொட்டிக்கு அழைப்பு

தொட்டிக்குள் அழகுபாண்டி அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் தண்ணீர் இன்னொரு முறை விளிம்பைத் தாண்டி வழிந்தது.

தாமரைச்செல்வி அதைக் கவனித்தாள். அவர் இறங்கியபோது வழிந்ததில் அதிசயமில்லை, தொண்ணூற்றாறு கிலோ. விளிம்புவரை நிறைந்திருந்த தொட்டியிலிருந்து நாலு குடம் தண்ணீராவது அப்போது வெளியேறி, சுவரோரக் கால்வாயில் களகளவென்று ஓடிற்று. இப்போது ஓடியதும் கிட்டத்தட்ட ஒரு ஆள் கணக்குத்தான். யாரோ நிதானமாக, முதலில் ஒரு காலும் பிறகு மறு காலுமாக உள்ளே வைத்து, சத்தம் போடாமல் உட்கார்ந்தால் எப்படி வழியுமோ அப்படி.

"என்னங்க, அசைஞ்சீகளா?"

"அசையக் கூடாதுன்னுதான மேனேஜர் சொன்னாரு. எனர்ஜி கலைஞ்சுருமாம்ல."

செக்கானூரணி தாண்டி, கடலைக்காட்டுக்கு நடுவில், ஆயிரத்து நானூறு அடிக்கு போர் போட்டபோது சுடுதண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரே தகுதியில் அந்த இடம் 'உஷ்ணா நேச்சுரல் ஹாட் ஸ்பிரிங் வெல்னஸ் ரிட்ரீட்' ஆகியிருந்தது. வாசலில் ஃபைபர் புத்தர். புத்தரின் காலடியில், மண்டபம் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடப்படும் என்று ஒரு போர்டு. செம்புக் குவளையில் 'டீடாக்ஸ் டிரிங்க்' என்று நீட்டியதைத் தாமரைச்செல்வி குடித்துப் பார்த்தாள், சீரகத் தண்ணீர். வீட்டில் இவள் கொடுத்தால் மூஞ்சியைச் சுளிக்கும் மனுஷன், இங்கே கண்ணை மூடி "ஆகா" என்றார்.

சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரம் செய்கிறவர் என்று யாராவது அறிமுகப்படுத்தினால் அழகுபாண்டிக்குப் பிடிக்காது. தொழிலதிபர், சங்கத் துணைத்தலைவர், கௌரவ டாக்டர். வில்லாபுரம் வீட்டு வாசலில் பட்டங்களுக்கே பலகை தீர்ந்துபோய், பெயரின் கடைசி எழுத்து சுவரில் ஏறியிருந்தது. பங்குனியில் அவர் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவர் கௌரவம் சேராத, வெறுமனே படித்த டாக்டர். வெந்நீரில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கவே கூடாது என்று அவர் இவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதனால்தான் ஊருக்குத் திரும்பும் வரை இவளுக்கு ஓய்வில்லை. அதனால்தான் இப்போதும், தான் இறங்காமல், தொட்டி ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிதான். மழை இருட்டிக்கொண்டு வந்ததில் கண்ணாடிச் செங்கல் சுவர் சாம்பல் நிறமாகியிருந்தது. அவித்த முட்டை வாசனையோடு எழுந்த ஆவி, கூரையில் முட்டி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக இவள் பிடரியில் விழுந்தது.

அழகுபாண்டி வந்த காரியத்தில் இறங்கினார். ஒரு கையைத் தூக்கி, போனை முகத்துக்கு நேரே பிடித்து, லைவ் போட்டார்.

"சொந்தபந்தங்களே! ஜப்பான்காரன் நூறு வயசு இருக்கான்னா சும்மாவா? இந்தத் தண்ணிதேன். நம்ம மண்ணுலயே வந்துருச்சு. எல்லாரும் வாங்க. எம்புட்டுப் பேரு வந்தாலும் எடம் இருக்கு. கூச்சப்படாம எறங்குங்க, நான் சொல்றேன்ல!"

அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் நடுவில் நின்று, எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுகிறவர் அவர். சற்றுமுன் தொட்டியில் இறங்கும்போதும், ஆளில்லாத அறையைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இறங்கினார். யாரும் வந்துவிட மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில்தான் அந்தக் குரல் இன்னும் பெருக்கும்.

தண்ணீர் வழிந்தது. ஒரு ஆள் அளவு.

போர் தண்ணீர்தான் உள்ளே ஏறுகிறது, மிச்சம் வெளியே போகிறது என்று இவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூலையில் இருந்த பித்தளைச் சிங்க வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டுதானே இருக்கிறது. அது ஆறுதலாக இருந்தது. அப்போது கரண்டு போயிற்று. எங்கோ மோட்டார் முனகி நின்றது. சிங்க வாய் வடிந்து, சொட்டி, ஓய்ந்தது. லைவும் அறுந்துபோனது.

மழைக்கு முந்தைய அமைதி.

தண்ணீர் வழிந்தது.

மறுபடியும்.

"என்னங்க, எந்திரிங்க. நேரமாச்சு."

"ஏய், கொஞ்சம் தள்ளித்தேன் ஒக்காரேன். எம்மேலயே வந்து சாயிற?"

இவள் ஸ்டூலில் இருந்தாள். அவருக்கும் இவளுக்கும் நடுவே மூன்றடி இருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். இவளை ஸ்டூலில் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில், ஒன்றுமில்லாத தண்ணீரைப் பார்த்தார். முகத்தில் இருந்த துணைத்தலைவர் மெல்ல இறங்கிப் போவதை இவள் கண்டாள். மிச்சமிருந்தது ஒரு வாளி வியாபாரியின் பயந்த முகம்.

"தாமர," என்றார். "காலுக்குக் கீழ காலு இருக்குடி."

எழுந்திருக்கப் பார்த்தார். தோள் ஒரு விரற்கடை ஏறி, அங்கேயே நின்றது. முட்டை வாசனை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேர்வை வாசனை. வெயிலில் காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்த துணியின் வாசனை. புகையிலை.

தாமரைச்செல்வி கதவைத் திறந்து வெளியே ஓடினாள். நடையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் செல்லக்கிளி நிமிர்ந்தாள்.

"டீசல் ஊத்தப் போயிருக்காகக்கா, கரண்டு இப்ப வந்துரும்."

"அது இல்லம்மா. மோட்டார் ஓடல. தண்ணி மட்டும் வழியுது. அவரால எந்திரிக்க முடியல."

செல்லக்கிளியின் கை மடிப்பில் அப்படியே நின்றது. "சாரு உள்ள ஒக்காந்து யாரையும் கூப்பிட்டாகளா?"

"போன்ல பேசுனாரு. எல்லாரும் வாங்கன்னு..."

"எல்லாருமா?"

தாமரைச்செல்வி தலையை ஆட்டினாள்.

"இங்கன பெரிய கெணறு இருந்துச்சுக்கா. எங்காளுகள எறங்க விடமாட்டாக. மேட்டுல நிக்கணும். யாராச்சும் எறச்சு ஊத்துனாத்தேன் தண்ணி. அப்பிடி நின்ன வாக்குலயே செத்தவுகளும் உண்டு. கெணத்த மூடியாச்சு, இவுக புத்தர வச்சாச்சு. அவுக இன்னமும் நிக்கிறாக." அவள் குரல் தாழ்ந்தது. "கூப்பிடாம வரமாட்டாகக்கா. அம்புட்டு மருவாதியான சனம்."

"நீ வந்து ஒரு கை புடிம்மா."

"நான் வாரலக்கா." சொல்லும்போதே பின்வாங்கினாள். "நீங்களும் எறங்கிராதீக. வெளிய நின்னே இழுங்க."

தாமரைச்செல்வி திரும்பி ஓடினாள். வாசற்படியில் கால் வைத்ததுமே தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. கால்வாய் கொள்ளாமல் அறை முழுக்க நின்றது. வெதுவெதுப்பாக.

தொட்டியைப் பார்த்தாள்.

தண்ணீர் இல்லை.

ஒரு சொட்டு இல்லை. நீல டைல்ஸ் அடிவரை தெரிந்தது. அதற்கு மேலே, விளிம்பு மட்டத்தில் தலையுடன், அழகுபாண்டி அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். பாதம் தரைக்கு இரண்டடி உயரத்தில் இருந்தது. தொப்பை உள்வாங்கி, முதுகெலும்பில் ஒட்டியிருந்தது. கை இரண்டும் விலாவோடு சேர்ந்து நசுங்கியிருந்தன. காலை நேரத்து டவுன் பஸ்ஸில் கண்ணாடியோடு அழுந்திய முகம் போல, இரண்டு கன்னமும் தட்டையாகியிருந்தன. அவரை நசுக்குவது எதுவும் கண்ணில் படவில்லை. கண்மணிகள் மட்டும் இவள் பக்கம் நகர்ந்தன. மூச்சு, குஞ்சுப் பறவையின் மூச்சு அளவுக்கு வந்தது. அவ்வளவுக்குத்தான் நெஞ்சுக்கு இடமிருந்தது.

"எந்திரிங்க. என்னங்க. எந்திரிங்க."

விளிம்பில் மண்டியிட்டாள். அவர் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை பாதி வழியில் தட்டியது. காற்றில். ஈரமாக. சூடாக. ஒரு தோள். அதை விலக்கினாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. எலும்பு தெரியும் முதுகு. நனைந்த முடி. ஒரு காது. குழந்தையின் காது. அவளை யாரும் தள்ளவில்லை. யாரும் பிடிக்கவில்லை. கை பட்ட இடத்திலெல்லாம் பதமாக விலகிக்கொடுத்தார்கள். நெரிசலில் தெரிந்தவர்களுக்கு ஒதுங்குவதுபோல.

ஒருவழியாக அவர் தோள் கைக்குக் கிடைத்தது. இழுத்தாள். வரவில்லை. காலை விளிம்பில் ஊன்றி இழுத்தாள். அவர் உதடு பிதுங்கி அசைந்தது. சத்தம் இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அப்போது தொட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. சிறிய, ஒழுங்கான நகர்தல். ஆளுக்கு ஒரு விரற்கடை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை. அழகுபாண்டியின் வலது கன்னம் முன்னைவிடத் தட்டையாயிற்று. கண் பிதுங்கியது. குஞ்சு மூச்சும் நின்றது. அவருடைய இடது பக்கத்தில் மட்டும், இவளுக்கு நேர் எதிரே, இறுக்கம் விட்டது. விலாவோடு ஒட்டியிருந்த அந்தக் கை மெல்லத் தளர்ந்து வெறும் காற்றில் தொங்கியது.

அவர் பக்கத்தில் இடம் உண்டாகியிருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.