நோட்டீஸில் இருந்த இரண்டாவது பெயர்

நோட்டீஸில் இரண்டு பேர் பெயர் இருந்தது. முதல் பெயர் எழிலரசி. அது சரி. இரண்டாவது பெயர் ஜஹீருன்னிசா. எழிலரசியின் வீட்டில் அப்படி ஒருத்தி கிடையாது.

பதிவுத் தபாலை வாசலில் நின்றபடியே மூன்று முறை படித்தாள். வீட்டுக்காரர் இஷ்தியாக் அகமதுவின் வக்கீல் அனுப்பியது. வீடு சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுகிறது, மேற்படி இருவரும் முப்பது நாளுக்குள் காலி செய்து சுவாதீனத்தை ஒப்படைக்க வேண்டும், தவறினால் வழக்கு. மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருப்பது அவளும் பன்னிரண்டாவது படிக்கிற மகளும்தான். மகள் பெயரைத்தான் தப்பாக அடித்துவிட்டார்களோ என்று பார்த்தால், வயது சுமார் 38 என்று வேறு போட்டிருந்தது.

பெயர் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை. புருஷன் இல்லாதவளுக்கு ஆம்பூரில் வீடு பிடிப்பது குதிரைக் கொம்பு என்று அவளுக்குப் பட்டுத் தெரியும். மார்ச் தாண்டும்வரை இந்த நாலு சுவருக்குள் எப்படியாவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். காகிதத்தை எடுத்துக்கொண்டு முத்துமாரியிடம் ஓடினாள்.

முத்துமாரி ஷூ கம்பெனியில் எழிலரசிக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவள். சங்கம், உரிமை என்று பேசி வேலையைப் பறிகொடுத்தவள். இப்போது ஒரு வக்கீலிடம் உதவிக்கு இருக்கிறாள். தெருப் பெண்கள் பாதிப்பேருக்கு அவள்தான் கோர்ட்டு.

"நோட்டீஸ் வந்தா ஒடனே மூட்ட கட்டணும்னு யார் சொன்னது? இது வெறும் காயிதம். கோர்ட் ஆர்டர் இல்லாம உன்ன யாரும் அசைக்க முடியாது. தண்ணி, கரெண்ட்ட நிறுத்தினா அவர் மேலயே கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம். ஆனா ஒண்ணு. வீட்ட விட்டு வெளிய போவாத. போனா மேல ஒரு பூட்டு போட்டுடுவாங்க. அப்பறம் உள்ள பூர்றதுக்கு நாமதான் கோர்ட்டுக்கு அலையணும்."

"இந்த ஜஹீருன்னிசா யாருக்கா?"

"வக்கீல் ஆபீஸ்ல பழைய நோட்டீஸ எடுத்து பேர மட்டும் மாத்துவானுங்க. ஒண்ண மாத்த மறந்துட்டானுங்க." முத்துமாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். "இத வெச்சே இழுத்துடலாம் எழிலு. அந்தம்மாவும் என்கூடத்தான் குடியிருக்குது, அதுக்கு தனியா நோட்டீஸ் வரல, அதனால இது செல்லாதுன்னு பதில் போடுவோம். அப்டி ஒரு ஆளு இல்லன்னு அவங்க நிரூபிக்கட்டும். அதுக்குள்ள மார்ச் போய்டும்."

"பொய்யாச்சேக்கா."

"பேர எழுதினது அவங்க. நாம ஒத்துக்கறோம், அவ்ளோதான்."

எழிலரசி கையெழுத்துப் போட்டாள். ஒரு பொய்யில் நாலு மாசம் கிடைக்கிறது என்றால் யார்தான் போடமாட்டார்கள்?

பதில் போய்ச் சேர்ந்த அன்றே வீட்டுக்கார பாய் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். மறுநாள் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். படிக்கிற பிள்ளை இருட்டில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மகளைப் பள்ளிகொண்டாவில் இருக்கும் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எழிலரசி தனியாக வீட்டைக் காவல் காத்தாள். கம்பெனி வண்டி வாசலில் போட்டுவிட்டுப் போகும் அப்பர்களை, ஷூவின் மேல்தோல் துண்டுகளை, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட ஒரு கண் கதவின் மேலேயே இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அந்த வீடு முன்பு உப்புத் தோல் அடுக்கும் கிடங்கு. பாயின் அப்பா அப்துல் ஹமீத் நடுவில் சுவர் எழுப்பி வரிசை வீடுகளாக்கினார். மனிதர் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் சுவர் பழசை மறக்கவில்லை. மழைக்காலம் வந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறி, சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக உப்புப் பூக்கும், பச்சைத் தோலின் கவிச்சை வாடை சோற்றுக்குள்ளும் தலையணைக்குள்ளும் புகுந்துகொள்ளும், துடைக்கத் துடைக்க மறுநாள் மறுபடி பூத்து நிற்கும். அவளுக்கு இது மூன்றாவது மழைக்காலம். பழகிவிட்டது.

தரையில் பூத்ததுதான் புதுசு.

சமையற்கட்டில் குடத்தருகே ஆரம்பித்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் கூடத்தைக் கடந்து, உள்ளறை மூலைவரைக்கும் போயிருந்தது. ஈரக்கால் காய்ந்த தடம். காய்ந்த இடமெல்லாம் வெள்ளை. தன் கால்தான் என்று பக்கத்தில் பாதத்தை வைத்துப் பார்த்தாள். அவள் பாதம் பெரிது. இந்தப் பாதம் சின்னது, குதிகாலில் ஆழமான வெடிப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மகள் கால் என்று சொல்லிக்கொண்டாள். மகள் போய் ஐந்து நாளாகிறது. ஈரத்துணியால் துடைத்தாள்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஊசியை எடுப்பாள், வைப்பாள். எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பாள். பாய் எப்படியோ உள்ளே ஆள் விட்டுப் பயமுறுத்துகிறார் என்று ஒரு நேரம் தோன்றும்; பின்பக்கம் வழியே இல்லாத வீட்டில் எந்த வழியாக விடுவார் என்று மறு நேரம் தோன்றும். இதில் குடத்துத் தண்ணீர் வேறு குறைந்தது. ஓட்டை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை. தோலில் அடையாளம் போடும் வெள்ளிப் பேனாவால் பிளாஸ்டிக் குடத்தின்மேல், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு மூடி வைத்தாள். ஒரு ஜோடி அப்பர் தைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது தண்ணீர். கவிழ்த்து வைத்திருந்த டம்ளர் நிமிர்ந்திருந்தது. அதன் விளிம்பில் வெள்ளை வளையம்.

மறுநாள் மதியம் தபால்காரர் வந்தார். பாயின் வக்கீலிடமிருந்து மறுபடி ஒரு பதிவுத் தபால். எழிலரசி கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

"இன்னொரு அம்மாவுக்கு வந்தத நேத்தே குடுத்துட்டேன்" என்றார் அவர், மழைக்கோட்டை உதறிக்கொண்டு.

"எந்த அம்மாவுக்கு?"

"ஜஹீருன்னிசா. நீங்க கொழாயாண்ட தண்ணி புடிச்சிக்கிணு இருந்தீங்க. அவங்க ஜன்னல்ல கைய நீட்டி வாங்கிக்கினாங்க. பாவம், கையெல்லாம் வெடிச்சு கெடக்குது. தோல் மண்டில உப்பு போட்றவங்களா?"

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை எழிலரசி அங்கேயே நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தாள். கூடம் வெறுமையாக இருந்தது. பாதி தைத்த அப்பர், ஊசி, நூல். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதைச் சாத்திவிட்டுத்தான் அவள் வெளியே வந்திருந்தாள்.

முத்துமாரிக்குப் போன் போட்டாள். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

"அடி சக்கை! போஸ்ட்மேனே கையில குடுத்தானா? இதவிட நல்ல சாட்சி வேணுமா?" என்றாள் முத்துமாரி. "எவளாச்சும் பக்கத்து வீட்டுக்காரி வாங்கியிருப்பா. நீ பேஜாராவாத. வெளிய மட்டும் போவாத."

முத்துமாரி அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எழிலரசி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் எப்போதும் தைரியம் கொடுக்கும். இன்றைக்குக் கொடுக்கவில்லை.

மழையால் நாலரை மணிக்கே வீடு கறுத்துவிட்டது. உள்ளறைப் பக்கம் முதுகைக் காட்ட முடியாமல் ஜன்னலோரம் சாய்ந்து நின்றாள். மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. கவனித்தால் நிற்கும், கவனத்தை எடுத்தால் தொடங்கும். காய்ந்த தொண்டை ஒன்று தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். கத்தியே விட்டாள்.

வெளியே இஷ்தியாக் பாய் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றார். ஒரு கையில் அவள் அனுப்பிய பதில், மழையில் ஊறிக்கொண்டிருந்தது. மறுகையில் புதுப் பூட்டு.

"யாரும்மா இத எழுதச் சொன்னது?"

"பூட்டோட வந்திருக்கீங்களே பாய். கோர்ட் ஆர்டர் இருக்குதா?"

"இந்த வீட்டுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ நோட்டீஸ் போவும். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்டிதான். ரெண்டாவதா அந்த பேர் இருக்கும். 'அப்டி யாரும் இங்க இல்ல'ன்னு குடியிருக்கறவங்க எழுதிக் குடுப்பாங்க. அது ஒண்ணுதாம்மா வேணும். எழுதிக் குடுத்தவங்கள நான் எப்பவாச்சும் காலி பண்ண வெச்சிருக்கேனா? கேட்டுப் பாரு." அவர் குரல் உடைந்தது. "நீ இருக்காங்கன்னு எழுதிட்டியே."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதாக அவர் முகம் சொன்னது.

"யாரு பாய் அவங்க?"

"மண்டில உப்பு போட்டுக்கிணு இருந்தவங்க. இங்க குடியிருந்தாங்க. அப்பா காலி பண்ணச் சொன்னாரு, போவல. வெளிய போனா பூட்டிடுவாங்கன்னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. அதனால வெளியவே வரல. அப்பா தண்ணிய நிறுத்தினாரு. அப்பவும் வரல. கடைசில வெளியேர்ந்து பூட்டிட்டாரு. ரெண்டு நாள்ல கெஞ்சுவாங்க, தொறக்கலாம்னு."

"கெஞ்சினாங்களா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "பக்கத்து வீடுதான் எங்களுது. நான் அப்ப ஏழாவது படிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மழை கொட்டியது.

"உன் பதில் வந்த அன்னிக்கே மோட்டார நிறுத்தினேன். நீ சீக்கிரம் வெளிய வரணும்னு. வாம்மா. என் தங்கச்சி வீட்டு மாடி காலியா இருக்குது, மார்ச் வரைக்கும் இரு, அதுக்கப்பறமும் இரு. இந்தப் பூட்டு உனக்கில்ல. வா, இருட்றதுக்குள்ள."

நம்பலாமா? பூட்டைப் பார்த்தாள். முத்துமாரியை நினைத்தாள். வெளியே ஒரு கால் வைத்துவிட்டால் எல்லாம் போயிற்று. வீடு, பரீட்சை, சட்டம், எல்லாம். கதை கட்டிப் பயங்காட்டிக் காலி பண்ண வைக்கிற வீட்டுக்காரர்கள் இல்லையா என்ன? ஆனால் அவர் வாசற்படியில் கால் வைக்கவில்லை. சொந்த வீட்டின் படியில். நனைந்துகொண்டு, இரண்டடி தள்ளியே நின்றார். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

அவர் முகம் மாறியது. வாய் திறந்தபடி நின்றது. ஒரு அடி பின்னால் போனார்.

எழிலரசி திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வேண்டாம். எதுவும் வேண்டாம். மகள் மட்டும் போதும்.

சுவரைத் தடவிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தாள். எட்டு அடி. சுவர் ஈரமாக இருந்தது. காலடியில் நறநறவென்று உப்பு. நாலு அடி. கவிச்சை வாடை மூக்கை அடைத்தது. கதவு. மரம். கை மேலே போயிற்று. தாழ்ப்பாளைத் தேடிற்று.

தாழ்ப்பாளின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. ஜில்லென்று, சொரசொரவென்று. வெடிப்புகளுக்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு. அது தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. இன்னும் அழுத்தி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

எழிலரசியின் விரல்களை அது மெதுவாகப் பிடித்துக்கொண்டது. பயந்த பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல, பிரியமாக. காதுக்குப் பக்கத்தில் காய்ந்த உதடு அசைந்தது.

"வெளிய போவாதம்மா. போனா பூட்டிடுவாங்க."

வெளியே பாய் புதுப் பூட்டை மாட்டும் சத்தம் கேட்டது.