சத்தம் போடாத ரகளை

அமெரிக்காவில் டொலீடோ நகரிலுள்ள எங்கள் பள்ளியில் வருடா வருடம் சொல் ஊர்வலம் நடக்கும். ஆளுக்கொரு சொல் தருவார்கள். அந்தச் சொல்லாகவே வேடமிட்டு மேடையில் நிற்க வேண்டும். அது என்ன சொல் என்று பார்ப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வருடம் நான் 'மூடுபனி'. "பஞ்சுமிட்டாய்!" என்று மொத்த அரங்கமும் கத்தியது. இந்த முறையும் மானம் போனால் நான் பள்ளிக்கே வர மாட்டேன்.

இந்த வருடம் என் சீட்டில் 'ரக்கஸ்' என்று இருந்தது.

"ரக்கஸ்னா ரகளை, கூச்சல், குழப்பம்," என்றார் ஆஸ்ட்ராண்டர் டீச்சர். "ஆனா டாபித்தா, வாயத் திறக்கக் கூடாது. எதையும் தட்டவும் கூடாது."

சத்தமே இல்லாமல் சத்தத்தைக் காட்ட வேண்டுமாம்! இதற்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

சனிக்கிழமை காலை யோசிக்க உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் யோசிக்க விட்டால்தானே? ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் இரட்டைத் தம்பிகளில் ரூஃபஸ் குப்பைத்தொட்டி மூடியை அடித்தான். வெண்டல் நாய்க்கு ஊளையிடக் கற்றுக்கொடுத்தான்.

"வாய மூடுங்கடா, பிசாசுகளா! அம்மா ஆஸ்பத்திரில நைட் டியூட்டி பாத்துட்டு வந்து தூங்குறாங்க!"

"நீதான் கத்துற!"

மாடியிலிருந்து அம்மா இறங்கி வந்தார். தலையணையால் இரண்டு காதையும் அமுக்கியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் அப்பாவின் பூட்ஸ்.

"என்னடா ரக்கஸ் இது? இதுக்கு ஆஸ்பத்திரியே தேவல! அங்கயே போய்ப் படுத்துக்கறேன்!"

தம்பிகள் மேசைக்கு அடியில் புகுந்தார்கள். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவமாக இருந்தது. ஒரு யோசனையும் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மாவின் இரவு அங்கி, தலையணை, ஜோடி சேராத செருப்புகளோடு மேடை ஏறினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன்.

"தூக்கம்!"

"தலைவலி!"

"பேய்!"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

முன்வரிசையில் ரூஃபஸ் துள்ளி எழுந்தான். "ஐயோ, அது எங்க அம்மா!"

"ரக்கஸ்!" என்று கத்தினான் வெண்டல். "நாங்க ரக்கஸ் பண்ணா அம்மா இப்படித்தான் வருவாங்க!"

அரங்கமே அதிரச் சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு நடந்தபோது ரூஃபஸ் மெல்லக் கேட்டான். "அம்மாவுக்கு நிஜமாவே அவ்ளோ கஷ்டமா இருக்குமா, டாபி?"

"பின்ன?"

வாசலில் இருவரும் ஷூக்களைக் கழற்றினார்கள். "உஷ்ஷ்ஷ்!" என்று வெண்டல் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆனாலும், எங்கள் வீட்டுக் கதவை யாரும் அத்தனை மெதுவாகச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.