சிவப்புக் கோடு போட்டது யார்?

மர்வாவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. சுண்டல் வாங்கினால், பொட்டலத்தில் சுண்டல் எவ்வளவு, காகிதம் எவ்வளவு என்று கடைக்காரர் கண்ணெதிரிலேயே பிரித்துப் பார்த்துவிடுவாள். ஆறாம் வகுப்பில் அவளுக்கு 'சிஐடி' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாள். ஆனால் உள்ளுக்குள் பெருமைதான்.

அவளுடைய அத்தா நிஜாமுதீன் சென்னைக்குப் பக்கத்தில் குமணன்சாவடியில் ஓர் அச்சகம் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் மர்வா நேரே அங்கேதான் போவாள். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை, அவள் வகுப்பில் படிக்கும் வர்ஷா பென் டிரைவோடு அங்கே வந்து நின்றாள்.

வர்ஷா ஜூன் மாதம்தான் கரூரிலிருந்து வந்து சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேச ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்திவிடுவாள்.

"அங்கிள், இந்த போட்டோவைப் பெரிசா பிரிண்ட் போடணும். சனிக்கிழமை ஸ்கூல் கண்காட்சிக்கு" என்றாள்.

அத்தா படத்தைத் திறந்தார். கருநீல வானத்தின் நடுவே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு மேகம், சுற்றிலும் நட்சத்திரங்கள்.

"மாஷா அல்லாஹ்! இது எங்கம்மா இருக்கு?"

"வானத்துல அங்கிள். ஓரியன் நெபுலா, நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற வாயு மேகம். எங்க ஃபிளாட் மொட்டை மாடியிலேருந்து நானே எடுத்தேன். அம்மாவோட டெலஸ்கோப்ல."

மர்வாவின் புருவம் மேலே ஏறியது. குமணன்சாவடி மொட்டை மாடியிலிருந்தா? இங்கே லாரிப் புகையில் நிலாவே இருமிக்கொண்டுதான் வரும்!

அவள் கணினியை எட்டிப் பார்த்தாள். பென் டிரைவில் இன்னும் நான்கு படங்கள் இருந்தன. எல், ஆர், ஜி, பி என்று பெயர். அத்தா ஒவ்வொன்றாகத் திறந்தார்.

நான்குமே கறுப்பு வெள்ளை.

அன்று இரவு சாப்பிடும்போதும் மர்வாவுக்கு அதே யோசனைதான். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை என்றால், அந்த ஊதா எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலை, பக்கத்தில் உட்காரும் கிருபாகரனிடம் மெதுவாகச் சொன்னாள். "வர்ஷாவோட போட்டோ மேல எனக்கு டவுட்டா இருக்குடா. அவளே கலர் அடிச்சிருக்கா போல."

"இன்னா சொல்ற! மெய்யாலுமா?"

"யார்கிட்டயும் சொல்லாத."

கிருபாகரன் யாரிடமும் சொல்லவில்லை. முன் பெஞ்சிலும், பின் பெஞ்சிலும், தண்ணீர்க் குழாய் வரிசையிலும் மட்டும்தான் சொன்னான். மதியத்துக்குள் 'பெயிண்ட் அடிச்ச நட்சத்திரம்' என்று வகுப்பே சிரித்தது.

விஷயம் அறிவியல் ஆசிரியை தாட்சாயிணியின் காதுக்கும் போனது. அவர் வர்ஷாவை எழுப்பினார். "பயப்படாம சொல்லும்மா. எப்படி எடுத்த?"

வர்ஷா எழுந்தாள். "மிஸ், அந்த கேமராவுக்குக் கலர் தெரியாது. சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி ஒண்ணொண்ணா முன்னால வெச்சு எடுக்கணும். அப்புறம் கலர்க் கண்ணாடி இல்லாம ஒண்ணு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சேர்த்து..."

வழக்கம்போலப் பாதியில் நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களா மிஸ்! கம்ப்யூட்டர்தான் கலர் அட்ச்சிகீது!" என்று கிருபாகரன் கத்தினான். வகுப்பு 'கொல்'லென்று சிரித்தது.

"உட்காரு கிருபாகரன். வர்ஷா, நீ எடுத்ததுதான்னு காட்ட ஏதாவது இருந்தா நாளைக்குக் காலையில கொண்டு வா. கண்காட்சியில நடு சுவர் உனக்குத்தான்."

வர்ஷாவின் உதடு துடித்தது. "வேணாம் மிஸ். நான் படம் வைக்கல. நாளைக்கு நான் வரவும் மாட்டேன்."

மர்வாவுக்கு வெற்றி கிடைத்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி என்னவோ உறுத்தியது. ஆதாரம் போதவில்லை, அதனால்தான் இப்படி இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மாலையில் அச்சகத்துக்குப் போனதும் முதல் வேலையாக, அத்தா பெரிதாக அச்சடித்து வைத்திருந்த வர்ஷாவின் படத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். அத்தாவின் பூதக்கண்ணாடியை வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வலது பக்க மூலையில் கண்ணாடி நின்றது.

மெல்லிய, மங்கலான சிவப்புக் கோடு ஒன்று வானத்தில் குறுக்கே ஓடியது.

"மாட்டிக்கிட்டா!" என்று மர்வா துள்ளினாள். வானத்தில் யாராவது சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்களா என்ன? பிரஷ் வழுக்கிய இடம் இதுதான்!

கணினியில் ஏற்றி வைத்திருந்த நான்கு படங்களையும் திறந்தாள். எல் படத்தில் கோடு இல்லை. ஜி படத்தில் இல்லை. பி படத்திலும் இல்லை. ஆர் படத்தில் மட்டும் அதே மூலையில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதில் சம தூரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

கலர் அடிப்பவள் கறுப்பு வெள்ளைப் படத்தில் எதற்காக வெள்ளைக் கோடு போட வேண்டும்? அதுவும் ஒன்றில் மட்டும்?

அந்த நேரம் பார்த்து, மெஷின் ஓட்டும் கஜபதி உள்ளேயிருந்து அத்தாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். "நைனா! இங்க வந்து பாரு. சிவப்புல ஒரு முடி மாட்டிகினு கீது. பத்திரிகை பூரா சிவப்புக் கோடு!"

மர்வா ஓடிப்போய்ப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் நெற்றிக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு. அவர்கள் மெஷின் ஒரு தடவைக்கு ஒரு நிறம்தான் அடிக்கும். மஞ்சள் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை, நீலம் ஒரு தடவை, கடைசியில் கறுப்பு. தாள் நான்கு தடவை உள்ளே போய் வந்தால்தான் மாப்பிள்ளைக்கு முழு முகம் வரும். சிவப்பு ஓடும்போது முடி விழுந்தால் கோடும் சிவப்பாகத்தான் விழும்.

மர்வா அப்படியே நின்றாள். ஆர் என்றால் ரெட், சிவப்பு! சிவப்புக் கண்ணாடி வைத்திருந்த நேரத்தில் கேமராவுக்குக் குறுக்கே ஏதோ போயிருக்கிறது. பச்சை, நீல முறைகள் வருவதற்குள் அது போய்விட்டது. அது என்ன?

ஆர் படத்தில் எடுத்த நேரம் பதிவாகியிருந்தது. புதன்கிழமை, மாலை 7:38. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரை.

"அத்தா, ஒரு நிமிஷம் மாடிக்குப் போய்ட்டு வர்றேன்!"

கழுத்து வலிக்க, ஓரியன் இருக்கும் கிழக்கு வானத்தைப் பார்த்து நின்றாள். 7:38 ஆனது. ஒன்றுமில்லை. 7:39, 7:40. கீழே பஸ்கள் ஹாரன் அடித்தன. 7:41க்கு ஒரு விமானம் விளக்கை மினுக்கி மினுக்கி, நட்சத்திரங்களுக்குக் குறுக்கே மீனம்பாக்கம் பக்கமாக இறங்கிப் போனது. விமானமும் நம்ம ஊர் பஸ் மாதிரிதான் போலிருக்கிறது, மூன்று நிமிடம் லேட்!

கோடு, விமானம். புள்ளிகள், மினுக்கும் விளக்கு. வர்ஷா சொன்னது அத்தனையும் உண்மை.

கண்டுபிடித்த சந்தோஷம் பத்துப் படி இறங்கும்வரைதான் நீடித்தது. பதினோராவது படியில் அவள் நின்றுவிட்டாள். வர்ஷாவின் துடித்த உதடு ஞாபகம் வந்தது. பேச்சைக் கிளப்பி விட்டவள் வேறு யாருமில்லை, அவள்தான்.

"அத்தா, என்னை வர்ஷா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? இப்பவே."

அத்தா கீழே ஸ்கூட்டரோடு நின்றுகொண்டார். மர்வா மட்டும் மாடியேறினாள். கதவைத் திறந்த வர்ஷா வழிவிடவில்லை.

"எதுக்கு வந்த?"

"உன் படத்துல ஒரு சிவப்புக் கோடு இருக்குல்ல?"

வர்ஷாவின் முகம் இறுகியது. "அதையும் பாத்துட்டியா? மழை மேகம் வந்துடுச்சு, சிவப்புல ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிஞ்சது. நெறைய எடுத்திருந்தா அந்தக் கோட்ட நீக்கியிருக்கலாம். அதைச் சொல்லியும் சிரிக்கப் போறீங்களா?"

"இல்ல! அது மீனம்பாக்கத்துக்கு இறங்குற விமானம், இன்னிக்கும் அதே நேரத்துக்குத்தான் போச்சு. நீ நம்ம ஊர்லேருந்துதான் எடுத்தேங்கறதுக்கு அதுதான் சாட்சி. சிவப்புல மட்டும் விழுந்திருக்கு பாரு, தனித்தனியா எடுத்ததுக்கும் அதான் சாட்சி!"

வர்ஷா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "திடீர்னு உனக்கு என்ன அக்கறை? இதுவும் ஏதாச்சும் விளையாட்டா?"

சந்தேகப்படுவது சுலபம், சந்தேகிக்கப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று மர்வாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"விளையாட்டு இல்ல. கிருபாகரன்கிட்ட முதல்ல சொன்னதே நான்தான். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம சொல்லிட்டேன். தப்புதான், வர்ஷா."

வர்ஷா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "செருப்ப வெளியில விட்டுட்டு வா" என்றாள்.

கணினி முன்னால் வர்ஷா முதல் தடவையாகப் பாதியில் நிறுத்தாமல் பேசினாள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அவசரத்தில் எடுத்தவை. அவற்றை மட்டும் சேர்த்தால் கலர் வரும், ஆனால் மங்கலாக இருக்கும். கலர்க் கண்ணாடி இல்லாத எல் படம் நிதானமாக எடுத்தது. அதில் நிறம் கிடையாது, வெளிச்சம் மட்டும்தான்.

"உருவத்தை இது குடுக்கும், கலரை அது குடுக்கும். ரெண்டையும் சேர்த்தா முழுப் படம்."

"எங்க பிரஸ்லயும் அப்படித்தான்!" என்று மர்வா கத்தினாள். "கறுப்பு கடைசியா ஏறினாத்தான் மாப்பிள்ளைக்குக் கண்ணு மூக்கே தெரியும்!"

வர்ஷா சிரித்துவிட்டாள். அடுத்த நிமிடம் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒரே யோசனை இருவருக்கும் வந்திருந்தது.

சனிக்கிழமை காலை, நடு சுவரில் பெரிய படம் தொங்கியது. அதன் கீழே மேஜையில் மங்கலான கலர்ப் படம் ஒன்று, பக்கத்தில் கண்ணாடி மாதிரித் தாளில் அச்சடித்த எல் படம். கிருபாகரன்தான் முதலில் வந்தான்.

"இது இன்னா, கண்ணாடி போடாத தாத்தா பாக்கற மாதிரி மங்கலா கீது?"

"அந்தத் தாளை எடுத்து இது மேல வை. மூலைக்கு மூலை சரியா இருக்கணும்" என்றாள் வர்ஷா.

அவன் வைத்தான். மேகத்தின் மடிப்புகள் பளிச்சென்று எழுந்தன. எடுத்தான். மங்கியது. வைத்தான். தெளிந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ளியும் அவன் நகரவில்லை.

தாட்சாயிணி மிஸ் பெரிய படத்தின் மூலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஆர் படத்தையும் பார்த்தார். வர்ஷா விளக்கினாள், கடைசி வார்த்தை வரைக்கும்.

"விமானமே சாட்சி சொல்லிடுச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மிஸ் சிரித்தார்.

கிருபாகரன் காதைச் சொறிந்தான். "சாரி வர்ஷா. நான்தான் ரொம்ப கூவிட்டேன்."

கூட்டம் குறைந்ததும் வர்ஷா ஒரு வெள்ளை அட்டையில் ஏதோ எழுதி, படத்துக்குக் கீழே ஒட்டினாள். என்ன எழுதியிருப்பாள்? மர்வா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

'படம் எடுத்தவர்: வர்ஷா. சரிபார்த்தவர்: மர்வா.'

மர்வா அதை மூன்று தடவை படித்தாள். அப்புறம் அட்டை விழுந்துவிடாமல் நான்கு மூலையையும் நன்றாக அழுத்தி ஒட்டினாள்.