திருப்பிச் சொல்லுங்க

"டாக்டர் எங்கே?"

கதவைத் திறந்தவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஒரு தோளில் ஆக்சிஜன் சிலிண்டர், மறு தோளில் மருந்துப் பை, மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி... மூன்று மாடி ஏறி வந்து நின்ற நர்ஸுக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. ஆம்புலன்ஸில் தனியாகப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எல்லா வாசலிலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

"டாக்டர் போன்ல இருக்காரு. நான் நேர்ல இருக்கேன். வழி விடுறீங்களா?"

விட்டான். பெரிய கண்கள்... பயத்தில் இன்னும் பெரிதாகியிருந்தன. அழகான கண்கள்தான். பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை.

உள்ளே கட்டிலில் அவனுடைய அப்பா மல்லாந்து கிடந்தார். ஒவ்வொரு மூச்சும் குமிழிட்டுக்கொண்டு வந்தது.

"யாரு இவரைப் படுக்க வெச்சது?"

"நான்தான். மூச்சு வாங்குதேன்னு..."

"உட்கார வைங்க. கால் கீழே தொங்கட்டும். நுரையீரல்ல தண்ணி சேர்ந்திருக்கு. படுத்தா மூழ்குற மாதிரி இருக்கும்."

"நீங்க பார்த்த உடனே எப்படிச் சொல்றீங்க? டாக்டர் வரட்டுமே..."

"அவர் வர்றதுக்குள்ள உங்க அப்பாவுக்கு மூச்சு நிக்கணுமா? தூக்குங்க."

தூக்கினான். முகம் சிவந்திருந்தது. அவள் மாஸ்க்கை மாட்டினாள், நாடி பார்த்தாள், கையில் ஊசிக்குழாய் ஏற்றினாள். அவன் கைகள் நடுங்குவதையும் பார்த்தாள். நடுங்கும் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். தனியாகப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதுதான்.

"அப்பாவைப் பின்னாலேர்ந்து தாங்கிப் பிடிங்க. என்ன வேலை பார்க்கிறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"இந்தக் கட்டடத்துல லிஃப்டே இல்லையே."

"அதைத்தான் ஹவுஸ் ஓனர்கிட்ட வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்."

மாஸ்க்குக்குள்ளிருந்து அப்பா முனகினார். சிரிப்பா, வலியா என்று தெரியவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மூச்சுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.

போனில் டாக்டர் கேட்டார், அவள் சொன்னாள். தண்ணீரை இறக்கும் ஊசியைப் போடச் சொன்னார். அவள் அளவைத் திருப்பிச் சொன்னாள், அவர் சரி என்றார். பையிலிருந்து சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள்.

இரண்டு பேர் போனால் ஒருவர் எடுப்பதை இன்னொருவர் சரிபார்ப்பார். தனியாகப் போனால் அது கிடையாது. அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மருந்தின் பெயரை அவளாகச் சொல்ல மாட்டாள். பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களை வாசிக்கச் சொல்வாள். இதற்காகவே ஆம்புலன்ஸ் டிரைவர் அவளுக்கு 'டீச்சர்' என்று பேர் வைத்திருந்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

"இப்போ எதுக்குங்க இது..."

"வாசிங்க."

"ஏ... டி... ஆர்..."

அவள் கை நின்றது.

எடுக்க வேண்டியது அதுவல்ல. அதே பழுப்பு, அதே உயரம், பையில் பக்கத்துப் பக்கத்து இடம். இது இதயத்தை இன்னும் விரட்டும் மருந்து. ஏற்கெனவே திணறும் இதயம்...

"தப்பா எடுத்துட்டேன்" என்று அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மாற்றி எடுத்தாள். "இப்போ வாசிங்க."

வாசித்தான். இது சரி. ஊசி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் குமிழிடும் சத்தம் குறைந்தது. டிரைவர் தூக்கு நாற்காலியோடு மேலே வந்து, "டீச்சர், கிளம்பலாமா?" என்றார்.

படியிறங்கும்போது அவனும் நாற்காலிக்கு ஒரு கை கொடுத்தான். ஆனால் அவளையே பார்த்தான்...

பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே வந்ததும், குப்பி மாறியதை டிரைவரிடம் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊசி போடலையே, எடுத்ததோட சரி. யாருக்கும் தெரிய வேணாம்மா."

"எனக்குத் தெரியுமே அண்ணே."

நேராகப் போய் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை தனி டியூட்டி கிடையாது என்றார் அந்த அம்மா. திரும்பக் கிடைக்குமா என்று கேட்க வாய் வரவில்லை. தனியாகப் போவதற்காக அவள் எழுதிய பரீட்சை, தூங்காத இரவுகள், எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையில் தொங்கியது.

மறுநாள் ஆம்புலன்ஸ் ஷெட் வாசலில் குடையோடு நின்றான் அவன்.

"டிரைவர் அண்ணன் விஷயத்தைச் சொன்னாரு. உங்க மேடம்கிட்ட நான் வந்து பேசுறேங்க. நீங்க வாசிக்கச் சொன்னதாலதான் எங்க அப்பா..."

"வேணாம்."

"ஒரு வார்த்தை..."

"வேணாம்னு சொல்றேன்ல? எங்க அம்மா ஊரார் துணியைத் தேய்ச்சு என்னைப் படிக்க வெச்சாங்க. எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். சீட்டு, ஹாஸ்டல், வேலை... எங்கே போனாலும் 'யாரு சொல்லி வந்தே'ன்னுதான் கேட்டாங்க. யாரும் சொல்லலை, நானா வந்தேன். இப்போ நீங்க வந்து எனக்கு வக்காலத்து வாங்கணுமா?"

அவன் குடையைச் சுருக்கினான். மழையில் ஏன் சுருக்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அப்பா நல்லாயிருக்காரு. வார்டுல எல்லார்கிட்டயும் உள்ளே நகரு, உள்ளே நகருன்னு சொல்லிட்டிருக்காரு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

போய்விட்டான். நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். 'கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாமோ...' என்று தோன்றியது. தோன்றியதே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த யூனிஃபார்ம். விசாரணை சூப்பர்வைசரின் ஆபீஸில், நான்காவது மாடியில். லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

அலாரத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்து ஒரு குரல்.

"உள்ளே யாரு?"

"நர்ஸ். சீக்கிரம் திறங்க."

"...டீச்சரா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஊரில் வேறு மெக்கானிக்கே இல்லையா...

"கரண்டை நிறுத்திட்டு, மேலே போய் லிஃப்டைக் கையால சுத்தி ஏத்தப் போறேன். லைட் போயிடும். கதவைத் தொடாதீங்க. நான் வாங்கன்னு சொல்ற வரைக்கும் இறங்காதீங்க. திருப்பிச் சொல்லுங்க."

"கிண்டல் பண்றீங்களா?"

"இல்லீங்க. நானும் தனியாத்தான் வேலை பார்க்கிறேன். நான் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கிட்டா கால் போயிடும்."

குரலில் கேலி இல்லை. திருப்பிச் சொன்னாள், வார்த்தை பிசகாமல்.

"சரியா இருக்கு" என்றான். பிறகு தயங்கினான். "மெஷின் ரூம் மொட்டை மாடியில. நாலாவது மாடியைத் தாண்டித்தான் போகணும். நீங்க இங்கே இருக்கீங்கன்னு அங்கே சொல்லட்டுமா? வேணாம்னா சொல்லலை."

இன்றைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் பயந்து ஓடிவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்கு அந்த அறையில் இவன் கண்ணைத்தானே கடன் வாங்கினாள்? அப்போது கௌரவம் எங்கே போயிருந்தது? அங்கே தனியாக நின்றவள் யாரையும் கேட்காமலா நின்றாள்...

"சொல்லுங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன், வந்துடுவேன்னு. அவ்வளவுதான், அதுக்கு மேலே ஒரு வார்த்தை கூடாது."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க, வந்துடுவாங்க. அதுக்கு மேலே ஒரு வார்த்தை கூடாது."

"சரியா இருக்கு."

விளக்கு அணைந்தது. இருட்டில் லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. நின்றது. படியில் இறங்கி வரும் காலடி, கதவில் ஒரு கோடு வெளிச்சம், பிறகு அந்தப் பெரிய கண்கள்.

"வாங்க" என்று கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு ஏறினாள். கை விரலெல்லாம் கிரீஸ். யூனிஃபார்ம் பாழ். ஓடினாள்.

சூப்பர்வைசர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "மெக்கானிக் ஒருத்தர் வந்து சொன்னாரு. உள்ளே கூப்பிட்டேன், அதுக்கு மேல பேசக் கூடாதுன்னு உத்தரவாம். போயிட்டாரு." கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா வண்டியிலயும் அந்த ரெண்டு மருந்தும் பக்கத்துப் பக்கத்துலதான் இருந்திருக்கு. நீ சொல்லலைன்னா இன்னும் அப்படியேதான் இருக்கும். இனி வேற வேற பெட்டி. திங்கள்லேர்ந்து தனியாப் போ. உன் பழக்கத்தை மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடு."

வெளியே வந்தபோது மழை விட்டிருக்கவில்லை. படிக்கட்டில் கருவிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"கிடைச்சிருச்சு. உங்க வக்காலத்து இல்லாமலே."

"தெரியும்" என்று சிரித்தான். "அப்போ... நான் கிளம்பட்டுமா?"

அவள் பதில் சொல்லாமல் ஒரு படி இறங்கினாள். ஊசி போடுவதற்கு முன்னால் வரும் அதே நிதானம் குரலில் வந்தது. நெஞ்சுதான் நிதானமாக இல்லை.

"ஒண்ணு சொல்றேன். நான் சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லணும். ஒரு எழுத்து மாறக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

பூட்டுச் சாவி அவன் கையிலிருந்து நழுவி நாலைந்து படி கீழே போய் விழுந்தது. அவன் எடுக்கப் போகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் போல மெதுவாகச் சொன்னான்...

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

"சரியா இருக்கு" என்றாள் டீச்சர்.